அம்மாவின் தோள்வலியும் நம் ஜிம் ரூம் பூட்டும்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி ஒருத்தியின் கருத்து)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று சொன்னதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் "தலைப்பு என்ன?" என்று ஆவலாகக் கேட்டார். "பெண்கள் மேல்முதுகையும் தோளையும் பயிற்சி செய்து பலப்படுத்த வேண்டுமா, வேண்டாமா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. "வேற தலைப்பே கெடைக்கலியா உனக்கு? பாலாறு மாசு பத்தி எழுதேன், பெண் கல்வி பத்தி எழுதேன். இன்னாத்துக்கு இந்த தோளும் முதுகும்?" என்றார்.

இன்னாத்துக்கு என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கதை ஒன்றுதான். விடிவதற்குள் சமையலை முடித்து, கம்பெனி வேன் ஏறி, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தலை குனிந்தது குனிந்ததுதான். ஷூவின் மேல்பாகம், அதாவது அப்பர், ஒவ்வொன்றாக ஊசிக்கடியில் போய்க்கொண்டே இருக்கும். போன வருடம் ஒரு நாள் காலை, நான் காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் நிற்கிறேன். அம்மா சீப்பை நீட்டி, "எனக்கு கொஞ்சம் தலை பின்னி விடுடி, கை மேல தூக்க முடியல" என்றார். நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதில் எனக்கு ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டிய கை, அன்றைக்குத் தன் தலைக்கே எட்டவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கேள்வி.

கொஞ்சம் கணக்கு போடுவோமா?

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். அழுதால் போதாது, கணக்கு போட வேண்டும். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் படித்தோமே, விசை பெருக்கல் தூரம், திருப்புத்திறன்! அதையே அம்மாவின் கழுத்துக்குப் போடுங்கள்.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் அந்தப் பாரம் கழுத்தெலும்புகளின் மேல் தூண் மேல் கூரை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். குனிந்தால் பாரம் முன்னே நகர்கிறது. 10 செ.மீ. முன்னே போனதாக வைத்துக்கொள்வோம். 5 பெருக்கல் 10, ஐம்பது. இதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசை, மூட்டிலிருந்து 4 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது பன்னிரண்டரை கிலோ இழுவிசையை விடாமல் கொடுத்தாக வேண்டும். (இந்தத் தூரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; ஆளுக்கு ஆள் மாறும்.) இது தலை மட்டும். கை ஒன்றின் எடை உடல் எடையில் 5 சதவீதம் அளவுக்கு வரும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இரண்டரை கிலோ வீதம் இரண்டு கை. அந்த இரண்டையும் முன்னே நீட்டி, முழங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தைக்க வேண்டும்.

இந்தப் பாரத்தையெல்லாம் தாங்குவது யார்? பின்கழுத்தில் ஆரம்பித்து இரண்டு தோளுக்கும் பரவி, நடுமுதுகு வரை பட்டம் மாதிரி விரிந்திருக்கும் டிரபீசியஸ் தசை. அதற்கு அடியில் தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு இழுத்துக் கட்டும் ராம்பாய்டு தசைகள். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சின்னத் தசைகள். கண்ணாடியில் தெரியாத இடம் என்பதால் நாம் இவற்றை நினைப்பதே இல்லை. வலித்தால்தான் ஞாபகம் வருகிறது!

"அவங்க செய்யற வேலையே எக்சர்சைஸ்தானே?"

எல்லோரும் சொல்லும் பதில் இது. "கிராமத்துப் பொம்பளைங்க செய்யாத வேலையா? தண்ணி இழுக்கறாங்க, மாவு ஆட்டறாங்க, தனியா எதுக்கு எக்சர்சைஸ்?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் தசை நன்றாகச் சுருங்கும், முழுதாக நீளும், பிறகு ஓய்வெடுக்கும். பாரம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடும். மெஷின் முன்னால் நடப்பது இதற்கு நேர் எதிர். சின்னப் பாரம்தான், ஆனால் விடுதலையே கிடையாது. 1991-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹேக் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தசையில் சின்ன இழைகள்தான் முதலில் வேலைக்கு வரும், கடைசியாகத்தான் ஓய்வுக்குப் போகும். லேசான வேலையே நாள் முழுக்க நடந்தால் அந்தச் சின்ன இழைகள் மட்டும் ஓயாமல் உழைத்து நைந்து போகும். பெரிய இழைகள் சும்மா இருக்கும். இதற்கு அவர் வைத்த பெயர் 'சின்டரெல்லா கருதுகோள்'. முதலில் எழுந்து கடைசியில் படுக்கிற பெண்! பேரைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் முகம்தான் வந்தது. வீட்டில் அவர் கதையும் அதுதானே?

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஃபெட்டீக் படித்திருக்கிறோம். உடைக்கிற அளவு பாரம் வேண்டாம்; சின்னப் பாரமே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பும் ஒரு நாள் விரிசல் விடும். ஆனால் இரும்புக்கும் உடம்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இரும்பு தன்னைத்தானே பலப்படுத்திக்கொள்ளாது. தசை, சரியான பாரமும் ஓய்வும் சாப்பாடும் கொடுத்தால், முன்பைவிடப் பலமாகத் திரும்பி வரும். கடவுளோ இயற்கையோ, யார் கொடுத்திருந்தாலும் இது பெரிய வரம். அதை வாங்கிக்கொள்ளாமல் விடுவானேன்?

இது வெறும் பேச்சு இல்லை. டென்மார்க்கில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு. ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து டிரபீசியஸ் தசையில் வலி வந்த பெண்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தோளையும் மேல்முதுகையும் குறிவைத்த டம்பெல் பயிற்சி, வாரம் மூன்று நாள், நாளுக்கு வெறும் 20 நிமிடம். இன்னொரு குழுவுக்குத் தோளைத் தளர்த்திக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு உடற்பயிற்சி இல்லை, ஆலோசனை மட்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், டம்பெல் தூக்கிய பெண்களுக்கு வலி பெருமளவு குறைந்திருந்தது. பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பலன் நின்றது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகம். அதற்கு முன்பே 2003-ல் ஃபின்லாந்தில் கழுத்துவலியுள்ள 180 பெண் அலுவலர்களை வைத்து ஒரு வருடம் செய்த ஆய்விலும், கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி செய்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது.

வலிக்கிற இடத்தைப் பொத்திப் பொத்தி வைப்பதைவிட அளவாகப் பயிற்சி கொடுப்பதே நல்லது என்பதுதான் இதன் சாரம். இப்போது சொல்லுங்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண்ணுக்கு வேலை செய்த மருந்து, ஆம்பூரில் அப்பர் தைக்கும் பெண்ணுக்கும், குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குனிந்து பீடி சுற்றும் பெண்ணுக்கும் மட்டும் வேண்டாததா?

"ஆம்பள மாதிரி ஆயிடுவே!"

அடுத்த ஆட்சேபணை இது. என் தோழியே கேட்டாள்: "ஏண்டி, தோள் பெருசாயிட்டா ஜாக்கெட் எப்படிடி போடுவே? எவன்டி கட்டிப்பான்?"

தசையைப் பெரிதாக வளர்ப்பதில் முக்கியப் பங்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்கு. ஆண் உடலில் அது பெண் உடலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்குவதால் எந்தப் பெண்ணும் காலையில் எழுந்து பயில்வானாகி விடமாட்டாள். பத்திரிகைகளில் படம் வரும் பயில்வான்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த உடம்புக்கு எத்தனை வருட உழைப்பு என்று சொல்வார்கள். நமக்கு வருவது பலம், நிமிர்ந்த நடை, அவ்வளவுதான். நம் பழைய புலவர்கள் பெண்ணின் தோளை மூங்கிலுக்கு ஒப்பிட்டார்கள். மூங்கிலைச் சும்மா அழகுக்கு மட்டும் நினைக்காதீர்கள். கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவது எதை வைத்து? சிவில் மாணவர்களைக் கேளுங்கள்!

இன்னொரு பயம், பாட்டிமார் சொல்வது. "வெயிட்டு தூக்குனா கர்ப்பப்பை இறங்கிடும்டி." நான் பாட்டியைக் கேட்டேன்: "அஞ்சு கிலோ டம்பெல் தூக்குனா இறங்குமாம், 15 லிட்டர் குடத்த இடுப்புல வெச்சிக்கினு தெருக்குழாய்லேர்ந்து வந்தா இறங்காதா பாட்டி?" பாட்டி யோசித்தார். பிறகு "வாய் மட்டும் நல்லா வளத்துக்கினு இருக்கே" என்றார். மூச்சை அடக்காமல், குறைந்த எடையில் ஆரம்பித்து, முறையாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆரோக்கியமான பெண் பயப்படத் தேவையில்லை. பிரசவம் ஆகிக் கொஞ்ச நாளே ஆனவர்களும், ஏற்கெனவே கர்ப்பப்பைப் பிரச்சினை இருப்பவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும். அது நியாயம். எல்லாப் பெண்களுக்கும் பூட்டு போடுவது நியாயமில்லை.

இன்னொன்றும் பாருங்கள். எடைதூக்குதலில் ஆண்களுக்கு 1896-ல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்தது. பெண்களுக்கு உலகப் போட்டியே 1987-ல்தான்; ஒலிம்பிக்கில் 2000-ல்தான் கதவு திறந்தது. கதவு திறந்த அந்த வருடமே, சிட்னியில், பக்கத்து ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், சின்ன வயதில் விறகு சுமந்த மணிப்பூர்ப் பெண் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். அதில் ஒரு தூக்கு மட்டும் 115 கிலோ. தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கதவு பூட்டியிருந்த அத்தனை வருடமும் இப்படி எத்தனை பேர் விறகு சுமந்தே முடிந்து போனார்களோ?

நம்ம ஊரின் பெருமை

நம் வேலூருக்கும் எடைதூக்குதலுக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 77 கிலோ பிரிவில் முதல் தடவை 328 கிலோ, அடுத்த தடவை 317 கிலோ. நம் ஹாஸ்டல் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கிறீர்கள். நல்லது. பெண்களுக்கும் படம் மட்டும்தான் சொந்தமா, பளுவும் சொந்தமா என்பதுதான் என் கேள்வி.

இதே ஊரில் இன்னொருவரும் இருந்தார். அவர் படத்தை யாரும் ஹாஸ்டலில் ஒட்டவில்லை. டாக்டர் மேரி வர்கீஸ். பெண்களுக்காக 1918-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. அங்கே டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். பாகாயத்தில் இன்றும் அவர் பெயரால் அது இருக்கிறது. 1972-ல் பத்மஸ்ரீ.

கால் போன பிறகு அந்த அம்மையாருக்கு மிச்சமிருந்தது மேலுடம்புதான். சக்கர நாற்காலியைத் தள்ள, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, தோளும் முதுகும் எவ்வளவு வேண்டும் என்று அங்கே பயிற்சி எடுக்கிறவர்களைப் பார்த்தால் தெரியும். அங்கே யாரும் "பெண்ணாச்சே, தோள் பெருசாயிடுமே" என்று கேட்பதில்லை. சுதந்திரமாக வாழத் தோள் பலம் வேண்டும் என்பது அங்கே சாதாரண உண்மை. விபத்து வந்த பிறகுதான் அந்த உண்மை நமக்குப் புரிய வேண்டுமா?

ஒர்க்‌ஷாப்பில் நடந்தது

என் கதையும் கொஞ்சம் உண்டு. முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்தேன். அரை மணி நேரத்தில் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த பையன், "கொடு, நான் முடிச்சித் தர்றேன், நீ என் ரெக்கார்டுல படம் போட்டுக் கொடு" என்றான். நல்ல மனசுதான். அப்படியே மூன்று ஜாப் முடிந்தது. மார்க்கும் வந்தது. வேலை வந்ததா? வரவில்லை. நான்காவது ஜாப் வந்தபோது இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் கவனித்துவிட்டு, "கையால தள்ளாதம்மா, தோளால தள்ளு, உடம்போட சாய்" என்று காலை வைக்கும் இடம்கூடக் காட்டிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்குக் கை மட்டும் பலவீனமில்லை, அதற்குப் பின்னால் நிற்க வேண்டிய தோளும் முதுகும் தூங்கிக்கொண்டிருந்தன என்று.

சராசரியாகப் பெண்ணின் மேலுடம்புப் பலம் ஆணைவிடக் குறைவு. காலில் இருக்கும் வித்தியாசத்தைவிடத் தோளில் வித்தியாசம் அதிகம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைவாக இருக்கும் இடத்துக்குத்தானே கூடுதல் பயிற்சி கொடுக்க வேண்டும்? மேத்ஸில் வீக்காக இருப்பவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம். தோளில் வீக்காக இருப்பவளுக்கு மட்டும் "நீ போய் ரெக்கார்டு எழுது" என்கிறோம். பிறகு வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர், "பொண்ணுங்க ஷாப் ஃப்ளோருக்கு ஒத்து வருவாங்களா சார்?" என்று கேட்கும்போது மட்டும் நமக்குக் கோபம் வருகிறது!

ஒரு எச்சரிக்கை

இந்தக் கட்டுரையை எந்த முதலாளியாவது படித்துவிட்டு, "சபாஷ், தோள் வலிச்சா எக்சர்சைஸ் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது. பயிற்சி தொழிலாளியின் உரிமை. நல்ல நாற்காலியும், சரியான உயரத்தில் மேஜையும், நடுநடுவே ஓய்வும் முதலாளியின் கடமை. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக்கூடாது, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழக சட்டசபை 2021-ல் கொடுத்தது. வீட்டிலேயே உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு அப்பர் தைக்கும் பெண்களுக்கு நாற்காலி கொடுப்பது யார்? ஒரு நிமிடம் நிமிர்ந்தால் ஒரு ஜோடி குறையும் என்ற கணக்கில் வாழ்கிறவர்கள் அவர்கள். நாளைக்கு சூப்பர்வைசராகவும் இன்ஜினியராகவும் போகப் போகிற நாம் மேஜை உயரத்தை அளக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. வெறும் டீயைக் குடித்துவிட்டு டம்பெல் தூக்கினால் மயக்கம்தான் வரும். கேழ்வரகுக் களி, கீரை, வேர்க்கடலை, முட்டை, முடிந்தால் மீன். ஆம்பூர் பிரியாணி ஆண்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே!

எப்படி ஆரம்பிப்பது?

ஜிம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நானும் அம்மாவும் பழைய சைக்கிள் டியூப் ஒன்றில்தான் ஆரம்பித்தோம். ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு முனையையும் பிடித்து, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய், இரண்டு தோள்பட்டை எலும்பும் நெருங்கும்படி இழுப்பது. அடுத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது. பிறகு, இடுப்பை மடக்கிக் குனிந்து கைகளைப் பறவை இறக்கை மாதிரி விரிப்பது. கடைசியில், கையில் பாரத்தோடு தோளை மட்டும் காதுப்பக்கம் ஏற்றி மெதுவாக இறக்குவது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானால் கொஞ்சம் பாரம் கூட்டுங்கள். கை மரத்துப் போனாலோ, விரலில் சுருக்கு சுருக்கென்று இருந்தாலோ, ராத்திரித் தூக்கத்தில் வலி எழுப்பினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். பெரியவர்கள் எல்லோரும் வாரம் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது. அதில் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஓவர்டைம் பார்த்த நாளில் இன்னும் தைலம் கேட்கிறார். முதல் இரண்டு வாரம் "போடி, வேல வெட்டி இல்லாம" என்று திட்டவும் செய்தார். ஆனால் மூன்றாவது மாதம் ஒரு நாள் காலை நான் எழுந்து பார்க்கும்போது, அம்மா கண்ணாடி முன்னால் நின்று தன் ஜடையைத் தானே பின்னிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பின்னி முடித்து, பூ வைத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தோழர்களே! நம் சங்கத்துக்கு ஒரு ஜிம் ரூம் இருக்கிறது. அதன் சாவி எப்போதும் பாய்ஸ் ஹாஸ்டலில். விளையாட்டு விழா வந்தால் எங்களுக்கு மியூசிக்கல் சேரும் லெமன் ஸ்பூனும். எலுமிச்சம்பழத்தின் எடையைத் தாண்டி எங்களை யாரும் நம்பியதில்லை!

நான் கேட்பது அதிகமில்லை. வாரம் மூன்று நாள், மாலை ஒரு மணி நேரம், அந்த ரூம் மாணவிகளுக்கு. இரண்டு கிலோவில் ஆரம்பிக்கிற மாதிரி சின்ன டம்பெல் சில ஜோடி. முறை சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர், மாதம் ஒரு முறை வந்தால்கூடப் போதும். விளையாட்டு விழாவில் மாணவிகளுக்கு ஒரு எடைதூக்கும் போட்டி. இவ்வளவுதான். தேர்தலில் நிற்கப் போகும் நண்பர்கள் இதை வாக்குறுதியாகத் தரலாம். எங்கள் ஓட்டு கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் விழும்.

பெண்கள் மேல்முதுகையும் தோளையும் பயிற்சி செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். இந்த மண்ணில் வீட்டையும், குடத்தையும், குழந்தையையும், ஏற்றுமதி ஆகும் ஷூவையும் பெண்களின் தோள்தான் ஏற்கெனவே சுமக்கிறது. சுமக்கலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சுமக்கிற தோளைப் பலப்படுத்தலாமா என்று மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சாவியைக் கொடுங்கள் தோழர்களே. பூட்டைத் திறப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.